படத்தில் நிற்பவர் யார்?

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பழைய செய்தித்தாள் படங்களை வைத்துக் குடும்ப வரலாற்றைத் தேடுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நேராக ஒரு படத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். திரையில் தெரிவது ஒரு நாளிதழிலிருந்து கத்தரித்த துண்டு. நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று நிலப் பத்திரங்களோடு தகரப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றியது. தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

இரண்டு பத்தி அகலம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கட்டடத் திறப்பு விழா. நடுவில் மாலையோடு அமைச்சர், பக்கத்தில் கலெக்டர், அவருக்குப் பக்கத்தில் சங்கத் தலைவர். வலது ஓரத்தில் பாருங்கள். ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தியபடி ஓர் இளைஞர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருக்கிறார். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் தட்டைப் பார்க்கிறார். அவர்தான் எங்கள் தாத்தா என்கிறது குடும்பம். படத்துக்குக் கீழே அமைச்சர் பெயர் இருக்கிறது, கலெக்டர் பெயர் இருக்கிறது, தலைவர் பெயர் இருக்கிறது. அதற்கப்புறம் ‘மற்றும் பலர்’. தாத்தா அந்தப் பலரில் ஒருவர்.

பத்திரிகையின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. வெட்டியவர் படத்தை மட்டும் ஒட்ட வெட்டிவிட்டார். நம் வீடுகளில் இருக்கும் துண்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும். இங்கேதான் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். நான் சொல்வது, துண்டைத் திருப்பிப் பாருங்கள்.

இதுதான் பின்பக்கம். பாதி பாதியாக வெட்டுப்பட்ட மூன்று விளம்பரங்கள். முதலாவது ஒரு தலைவலித் தைலம், விலை 62 ந.பை. நயா பைசா நடைமுறைக்கு வந்தது 1957 ஏப்ரல் 1-ல். 1964 ஜூனில் ‘நயா’ போய் வெறும் பைசா ஆனது. ஆக, ஏழாண்டுச் சொச்சத்துக்குள் வந்துவிட்டோம். இரண்டாவது ஜவுளிக்கடை, முகவரியில் ‘சென்னை-1’ என்று இருக்கிறது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல்தான் வந்தது என்பதால் அதுவும் பொருந்துகிறது. மூன்றாவது சினிமா விளம்பரம். ‘நாடோடி மன்னன்’. கீழே கொட்டை எழுத்தில் ‘இன்று 100-வது நாள்’. அந்தப் படம் வெளிவந்தது 1958 ஆகஸ்ட் 22. எண்ணிப் பாருங்கள், நூறாவது நாள் நவம்பர் 29. வெளியூர்களுக்குப் படப்பெட்டி தாமதமாகப் போகும் காலம் அது. அதனால் எந்த ஊர்த் தியேட்டர் என்று பார்க்க வேண்டும். இந்த விளம்பரத்தில் இருந்தவை சென்னைத் தியேட்டர்கள். கணக்கு செல்லும்.

தேதி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் குடும்பத்துப் பேத்தி நூலகத்துக்குப் போனார், அந்தத் தேதியின் நாளிதழ்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினார், பக்கத்தைக் கண்டுபிடித்தார். படத்தை விடப் பெரிய செய்தி பக்கத்துப் பத்தியில் இருந்தது. நம் ஊர் விழாச் செய்திகள் எழுதப்படும் முறை உங்களுக்குத் தெரியும். இன்னார் தலைமை வகித்தார், இன்னார் வரவேற்றார், அமைச்சர் பேசியது பத்து வரி, கடைசியில் இன்னார் நன்றி கூறினார். அந்தக் கடைசி வரியில் தாத்தாவின் பெயர் இருந்தது, ‘சங்க எழுத்தர்’ என்ற அடையோடு. தறியில் உட்கார்ந்து நெய்தவர் என்று மட்டுமே பேரப்பிள்ளைகள் அறிந்திருந்தார்கள். சங்கத்தில் கணக்கெழுதியவர், அமைச்சர் முன்னால் மேடையேறிப் பேசியவர் என்பது யாருக்கும் தெரியாது. இன்னொன்றும் இருந்தது. பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து. குடும்பம் இப்போது போடுவது ஒரே எழுத்து, அது அவருடைய அப்பா பெயரின் முதலெழுத்து. மற்றது ஊரின் எழுத்து. தாங்கள் வேறோர் ஊரிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த எழுத்தில் தொடங்கும் ஊர் எது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

படத்துக்குக் கீழே பெயர் வராதவரைத் தேடும்போது செய்தியின் கடைசி வரியிலிருந்து மேலே படித்து வாருங்கள். நன்றி சொன்னவர், ஏற்பாடு செய்தவர், கடவுள் வாழ்த்துப் பாடியவர் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள். சிறிய மனிதர்களுக்குப் பத்திரிகை கொடுத்த இடம் அதுதான். அந்த இடத்தைக் கொடுத்ததற்காக, ஊர் ஊராகச் செய்தி அனுப்பிய பகுதிநேர நிருபர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

காலத்தைக் கணிக்க வேறு தடயங்களும் உண்டு. எழுத்தைப் பாருங்கள். தும்பிக்கை வைத்த பழைய ணை, லை, னை இருந்தால், 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் பெரியாரின் ‘குடி அரசு’ 1935-லேயே புதிய வடிவங்களுக்கு மாறிவிட்டது, ‘விடுதலை’யும் அப்படியே. ஆகவே எழுத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. மாநிலத்தின் பெயர் ‘தமிழ்நாடு’ என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரி 14-ல். அரசு விளம்பரத் துணுக்கு ஏதாவது பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே சாட்சி.

இந்தப் படங்கள் எப்படி அச்சாயின என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகம் முழுவதும் புள்ளிகள். கறுப்பான இடத்தில் பெரிய புள்ளி, வெளுப்பான இடத்தில் சிறிய புள்ளி. புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்துச் செய்தித்தாளில் அச்சிடும் இந்த முறையில் 1880 மார்ச் 4-ல் நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ ஒரு படம் வெளியிட்டது. நம் அச்சகங்களில் இதற்கு ‘பிளாக்’ என்று பெயர். துத்தநாகத் தகட்டில் அமிலம் வைத்து அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்துப் பொருத்துவார்கள். செய்தித்தாளுக்கான பிளாக்கில் அங்குலத்துக்கு 55 முதல் 85 வரிசைப் புள்ளிகள்தான் இருக்கும். அதனால் எவ்வளவு பெரிதாக்கினாலும் அதில் இல்லாத கண்ணும் மூக்கும் வராது. இன்றைக்குக் கைப்பேசியில் பழைய முகத்தைத் ‘தெளிவாக்கித்’ தரும் செயலிகள் வந்திருக்கின்றன. அவை தருவது கணினி கற்பனை செய்த முகம். உங்கள் பாட்டியின் முகம் வேண்டுமென்றால் அந்தச் செயலியிடம் போகாதீர்கள்.

பிளாக் செய்யக் காசு செலவானது. ஒரு முறை செய்ததை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். தலைவர்களுக்கு அப்படி. வீடுகளிலும் அப்படி. சில வீடுகளில் தாத்தாவின் பிளாக்கே இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் மரக்கட்டை, மேலே கறுத்த தகடு, அதில் இடம் வலம் மாறிய முகம், தலைப்பாகைக்கு மேல் ஓர் ஆணித்தலை. அவருடைய நினைவு நாள் வரும்போது அதைத் துணியில் சுற்றி அச்சகத்துக்கு எடுத்துப் போவார்கள். இதனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்திரிகையில் படம் வந்த ஆண்டும் படம் எடுத்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எழுபது வயதில் இறந்தவரின் அறிவிப்பில் முப்பது வயது முகம் இருக்கலாம்.

ஒரு குடும்பம் ஒரு துண்டைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். இதே வேலையை ஒரு நகரமே சேர்ந்து செய்தது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் என்ற எஃகு ஆலை நகரம். அங்கே 1907-ல் தொடங்கி, கறுப்பின மக்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்திய வார இதழ் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’. நாட்டிலேயே அதிகம் விற்ற கறுப்பினப் பத்திரிகைகளில் ஒன்றாக வளர்ந்தது. தென் மாநிலங்களில் அதைக் கையில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்த இடங்களுக்கு, ரயிலில் வேலை பார்த்த புல்மன் போர்ட்டர்கள் கட்டுக்கட்டாக மறைத்து எடுத்துப் போய்ச் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது, வெளியே பாசிசத்தை வெல்வதோடு உள்நாட்டில் நிறவெறியையும் வெல்ல வேண்டும் என்று 1942-ல் ‘இரட்டை வெற்றி’ இயக்கத்தை நடத்தியதும் இந்தப் பத்திரிகைதான்.

அதன் புகைப்படக்காரர் சார்லஸ் ஹாரிஸ். ஊரே அவரை ‘டீனி’ என்று கூப்பிட்டது. 1908-ல் பிறந்தவர், 1998-ல் காலமானார். கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற பகுதியிலேயே ஸ்டூடியோ வைத்து, நாற்பது ஆண்டுகள் அந்தத் தெருக்களைப் படமெடுத்தார். கல்யாணம், தேவாலயப் பாடகர் குழு, பள்ளிக்கூட நாடகம், பேஸ்பால் அணி, முடிவெட்டும் கடை, கூட்டம், மறியல். மற்றவர்கள் நாலைந்து முறை ஃப்ளாஷ் அடிக்க, இவர் ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் நகர மேயர் அவருக்கு ‘ஒன் ஷாட்’ என்று பட்டம் கொடுத்தார். அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ 80,000 நெகட்டிவ்கள். வாழ்நாளின் கடைசியில், தன் நெகட்டிவ்களைத் திரும்பப் பெற வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 2001-ல் கார்னகி கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது.

வாங்கிப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை, தேதி இல்லை. 80,000 படங்கள், முழுக்க முழுக்க ‘மற்றும் பலர்’. அருங்காட்சியகம் என்ன செய்தது என்றால், அந்தப் பகுதியின் முதியவர்களைக் கூப்பிட்டது. படங்களை முன்னால் வைத்து, இது யார், இது எந்தத் தெரு, இது யார் வீட்டுத் திண்ணை என்று கேட்டது. அவர்கள் சொன்னதைப் பதிவுசெய்தது. கூரியரின் பழைய இதழ்களை மைக்ரோஃபிலிமில் ஓட்டி, அச்சான படத்தையும் அதன் கீழிருந்த பெயர்களையும் நெகட்டிவோடு பொருத்திப் பார்த்தது. நிற்கிற காரின் மாடல், சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர் இவற்றை வைத்து ஆண்டைக் கணித்தது. ஒரு பாட்டி தன் பள்ளித் தோழியின் பெயரைச் சொல்வார்; அந்தத் தோழியின் பேரன் தன் பாட்டியைப் பத்து வயதுச் சிறுமியாக அன்றுதான் முதல்முறை பார்ப்பான். இப்படி ஆயிரக்கணக்கான படங்களுக்கு ஊரும் பெயரும் கிடைத்தன.

அந்த ஊருக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஹில் டிஸ்ட்ரிக்டின் கீழ்ப்பகுதி இன்றைக்கு இல்லை. நகரைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி 1956-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 8,000 பேர் வீடிழந்தார்கள். நூற்றுக்கணக்கான கடைகள் போயின. அந்த இடத்தில் 1961-ல் ஒரு பெரிய விளையாட்டரங்கம் திறந்தார்கள்; அரை நூற்றாண்டு கழித்து அதையும் இடித்துவிட்டார்கள். வீட்டைக் காட்ட வீடு இல்லை, தெருவைக் காட்டத் தெரு இல்லை. பிட்ஸ்பர்க்கின் பெரிய நாளிதழ்களில் அந்த மக்களின் கல்யாணப் படமோ பட்டமளிப்புப் படமோ தேடினாலும் கிடைப்பது அரிது. குற்றச் செய்தி என்றால் மட்டும் அவர்களுக்கு அங்கே இடம் இருந்தது. தங்கள் வாழ்க்கையைத் தாங்களே அச்சிட்டுக்கொண்டதால்தான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்குப் பார்க்க ஏதோ இருக்கிறது.

பத்திரிகைப் படம் எப்போதும் குடும்பத்துக்கு நன்மையே செய்யும் என்று சொல்ல மாட்டேன். உலகப் புகழ்பெற்ற ஒரு படம் உங்கள் நினைவில் இருக்கும். கவலை தோய்ந்த முகத்தோடு ஒரு தாய், கை கன்னத்தில், இரண்டு பிள்ளைகள் முகத்தைத் திருப்பி அவள் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். 1936-ல் கலிஃபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து வேலையில்லாமல் தவித்த கூலிகளின் முகாமில் டொரோதியா லாங் எடுத்தது. அரசாங்கத்துக்காக எடுத்த படம். சான் ஃப்ரான்சிஸ்கோவின் நாளிதழ் ஒன்று வெளியிட்டது. முகாமுக்கு உணவு போய்ச் சேர்ந்தது. லாங் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெயர் உலகத்துக்குத் தெரியாது. 1978-ல் அவருடைய ஊர்ப்பக்கப் பத்திரிகை ஒன்றின் வழியாகத்தான் தெரிந்தது: ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன், செரோக்கி பழங்குடியில் பிறந்தவர். படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்று மனம் வெதும்பினார். காரின் டயர்களை விற்றுச் சாப்பிட்டார்கள் என்று லாங் குறித்து வைத்ததைக் குடும்பத்தார் மறுத்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் படம் பல காலம் வெட்கமாகவே இருந்தது. 1983-ல் அவர் நோயுற்றுப் படுத்தபோது, அந்தப் படத்தை நினைவில் வைத்திருந்த பொதுமக்கள் பல்லாயிரம் டாலர் அனுப்பினார்கள். அப்புறம்தான் பிள்ளைகளின் மனம் மாறியது.

இந்தக் கதையை நான் சொல்வது, படத்தின் கீழே உள்ள வாசகத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள் என்பதற்காக. அதை எழுதியவர் அவசரத்தில் எழுதியிருப்பார், கேட்காமலும் எழுதியிருப்பார். வீட்டில் உள்ளவர் சொல்வதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் முரண்பட்டால் இரண்டையுமே எழுதுங்கள்.

முகச்சாயலை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். நியூயார்க்கில் 1932-ல், வானுயர எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தின் இரும்பு உத்தரத்தில் பதினோரு தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடும் படம், ‘ஹெரால்டு ட்ரிப்யூன்’ ஞாயிறு இதழில் வந்தது. இன்று உலகம் முழுவதும் சுவரொட்டியாகத் தொங்குகிறது. அந்தப் பதினோரு பேரும் யார் என்று உறுதியாகச் சொல்ல இன்றுவரை முடியவில்லை. இது என் அப்பா, அது என் மாமா என்று சொல்லிக்கொண்டு வந்த குடும்பங்கள் ஏராளம். அயர்லாந்தில் ஷானக்லிஷ் என்ற சிற்றூரின் மதுக்கடையில் இந்தப் படத்தை மாட்டி, இருவர் எங்கள் ஊர்க்காரர்கள் என்று எழுதியே வைத்திருந்தார்கள். பெயரெழுதிய வேறு படங்களோடு ஒப்பிட்டு, ஒரு ஆவணப்படக் குழுவினர் மேலும் இருவருக்குப் பெயர் சொன்னார்கள். ஏங்குகிற மனம் எந்த முகத்திலும் தன் அப்பாவைப் பார்த்துவிடும். சாயல் தேடலைத் தொடங்கி வைக்கலாம். முடித்து வைக்க எழுத்துச் சாட்சி வேண்டும்.

இனி நம் பக்கம் வருகிறேன். தமிழ்ப் பத்திரிகைகளில் குடும்ப வரலாற்றுக்கு எது பெரிய சுரங்கம் என்று என்னைக் கேட்டால், மரண அறிவிப்புகள் என்பேன். நம்மில் பலர் அந்தப் பக்கத்தைச் சட்டென்று புரட்டிவிடுவோம். கண்ணீர் அஞ்சலி, முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி, நடுவில் படம், கீழே மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று பெயர் வரிசை. மூன்று தலைமுறை ஒரே கட்டத்தில்.

இதில் ஈழத்தமிழர் மரபு இன்னும் விரிவானது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் அன்புக் கணவர், இன்னின்னாரின் சகோதரர், மைத்துனர், சகலன். பெண் வழி உறவும் ஆண் வழி உறவும் முழுப் பெயரோடு வரும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்று இருக்கும். யுத்தம் ஒரு குடும்பத்தை எங்கெல்லாம் வீசியது என்பதை அந்த ஒரு விளம்பரத்திலிருந்தே படித்துவிடலாம். பிறப்பிடம் ஓர் ஊர், வதிவிடம் மூன்று ஊர் என்று சில அறிவிப்புகளில் பார்த்திருக்கிறேன். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையையும் யாரோ நினைவில் வைத்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெண்களைத் தேடுவதுதான் கடினம். பழைய படங்களின் கீழே ‘ஸ்ரீமதி’ போட்டுக் கணவர் பெயரை எழுதிவிடுவார்கள். அந்த அம்மாளின் சொந்தப் பெயர் மறைந்துவிடும். கல்யாணச் செய்தியில் மணமகளுக்குப் பெயர் இருக்கும், அதற்கப்புறம் அவருடைய பெயரை அச்சில் பார்க்க இறக்கும் வரை காத்திருக்க வேண்டும். சுயமரியாதைத் திருமணங்களை ‘குடி அரசு’ம் ‘விடுதலை’யும் மணமகள் பெயரோடு செய்தியாக வெளியிட்டன. அந்தத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது அண்ணாவின் ஆட்சியில்தான். அதுவரை பல குடும்பங்களுக்கு அச்சில் இருந்த சான்று பத்திரிகைச் செய்திதான். உங்கள் வீட்டில் அப்படி நடந்த திருமணம் இருந்தால் அந்த இதழ்களைத் தேடிப் பாருங்கள்.

இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். 1943 அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் அதன் பயிற்சி முகாம் தொடங்கியது. தலைவி டாக்டர் கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் மிகப் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள். அந்தப் படையின் அணிவகுப்புப் படங்கள் இன்றும் பத்திரிகைகளில் வருகின்றன. நேதாஜியின் பெயர் இருக்கும், லட்சுமியின் பெயர் இருக்கும். துப்பாக்கியோடு விறைப்பாக நிற்கும் இரண்டாம் வரிசைப் பெண்களுக்குப் பெயர் இருக்காது. அவர்களில் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கும் யாருடைய பெரிய பாட்டியாகவும் இருக்கலாம். மலாயாவுக்குப் போன உறவு நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

அவர்களைத் தேட இன்று ஒரு நல்ல வழி இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்வடிவமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. கோ. சாரங்கபாணி 1935-ல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ம் அதில் அடக்கம். தமிழில் தேடும்போது ஒரு பெயரைப் போட்டுவிட்டு, வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். பழைய அச்செழுத்தைக் கணினி பல இடங்களில் தவறாகப் படித்திருக்கும். ஊர், தோட்டம், சங்கம் என்று சுற்றி வளைத்துத் தேடுங்கள். அங்குள்ள ஆங்கில இதழ்களிலும் பாருங்கள். ராமசாமி என்ற ஒரே பெயரை அவை ஐந்தாறு விதமாக எழுதியிருக்கும், எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

எல்லாருக்கும் இந்த வாய்ப்பு இல்லை. 1981 மே 31 இரவும் அதற்கடுத்த நாளும் யாழ்ப்பாணத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்தன. 1959 முதல் யாழ்ப்பாணத்திலிருந்தே வந்துகொண்டிருந்த ‘ஈழநாடு’ பத்திரிகையின் அலுவலகத்தையும் அதே நாள்களில் எரித்தார்கள். ஓர் ஊரின் பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் தேர், வாசிகசாலைத் திறப்பு, பரீட்சையில் தேறிய பிள்ளைகளின் படம், இவையெல்லாம் அச்சான இடமே எரிந்தது. அங்கே ஒரு மகள் தன் அப்பாவின் பள்ளிக்கால முகத்தைத் தேட வேண்டுமென்றால் எங்கே போவாள்? ‘நூலகம்’ என்ற பெயரில் 2005-ல் தொடங்கிய முயற்சி, வீடு வீடாக எஞ்சியிருந்த இதழ்களைத் திரட்டி மின்வடிவமாக்கி வருகிறது. தாங்கள் அனுபவித்த இழப்பால் காகிதத்தின் அருமையை அறிந்தவர்கள் அவர்கள். நம் ஊரில் யாரும் தீ வைக்கவில்லை. எடைக்குப் போட்டே அழித்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு.

கோட்டையூர் ரோஜா முத்தையா போன்ற ஒருவர் மட்டும் இல்லையென்றால் இருப்பதும் இருந்திருக்காது. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர், தன் வருமானத்தில் நூல்களையும் இதழ்களையும் அழைப்பிதழ்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்தார். 1992-ல் அவர் மறைந்தார். அந்தத் தொகுப்பைக் கொண்டு 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இயங்குகிறது. நாளிதழ்களுக்குச் சென்னையிலேயே கன்னிமாரா நூலகம் இருக்கிறது. வெளியாகும் நூல்களை இதுபோன்ற நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1956-ல் செய்தித்தாள்களையும் சேர்த்தார்கள். போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே நாளிதழுக்கு மதுரை, திருச்சி, கோவை என்று தனித்தனிப் பதிப்பு உண்டு. உங்கள் ஊர்ச் செய்தி உங்கள் ஊர்ப் பதிப்பில்தான் வந்திருக்கும். சென்னையில் இருக்கும் தொகுதியில் காணவில்லை என்பதால் வரவேயில்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்த ஊரின் பழைய ஏஜென்ட் வீட்டையும் படிப்பகத்தையும் விசாரியுங்கள்.

வீட்டில் இருக்கும் துண்டுகளைப் பற்றி. செய்தித்தாள் காகிதம் மரக்கூழிலிருந்து வருவது. அதிலுள்ள லிக்னின் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்து நொறுங்கும். லேமினேஷன் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டாதீர்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள். பின்பக்கம் கட்டாயம். துண்டை வழவழப்பில்லாத வெள்ளைத்தாள் உறையில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் யார், எந்த ஊர், யார் சொன்னது என்று எழுதுங்கள். ‘யார் சொன்னது’ என்பதை விட்டுவிடாதீர்கள். இனிமேல் நீங்கள் வெட்டும் துண்டுகளில் பத்திரிகையின் பெயரும் தேதியும் உள்ள மேல்விளிம்பையும் சேர்த்து வெட்டுங்கள்.

இதையெல்லாம் விட அவசரமானது ஒன்று உண்டு. படம் இன்னும் நூறாண்டு இருக்கலாம். அதில் நிற்பவரின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் எண்பதைத் தாண்டியிருக்கிறார். பிட்ஸ்பர்க்கில் அவர்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். நாமும் கேட்கலாம். இந்த வாசகர் வட்டத்திடம் நான் ஒரு கோரிக்கை வைத்தேன், நூலகர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் கீழ்த்தளத்து நாளிதழ் பகுதியில் நான்கு மேசை போடுகிறார்கள். உங்கள் வீட்டுத் துண்டுகளைக் கொண்டு வாருங்கள். படமெடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். நூலகத்தில் இருக்கும் பழைய மலர்களிலிருந்து பெயரில்லாத படங்களையும் பெரிதாக அச்சிட்டு மேசையில் பரப்பி வைப்போம். வீட்டில் இருக்கும் பெரியவர்களை அழைத்து வாருங்கள். படியேற முடியாதவர்களுக்காகத்தான் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறோம். மூக்குக் கண்ணாடியை மறந்துவிடாமல் எடுத்து வரச் சொல்லுங்கள். வர முடியாதவர்கள் இருந்தால் முகவரியை இன்றே வாசலில் உள்ள நோட்டில் எழுதிக் கொடுங்கள். கல்லூரி மாணவர்கள் படங்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே வருவார்கள்.